கடலை ரம்மிச் சிங்கமும் கோயமுத்தூர் கிரைண்டரும்

எனக்கு ரம்மி நன்றாக ஆடத் தெரியும் என்று நான் சொன்னால் என் வீட்டில் யாரும் மறுக்க மாட்டார்கள். சிரிப்பார்கள். மறுத்தாலாவது வாதாடலாம், சிரிக்கிறவர்களிடம் என்ன வாதாடுவது? அதனால் நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். (மற்றவர்கள் சொல்லும்போது வருஷா வருஷம் ஏதாவது சேர்த்துவிடுகிறார்கள். போன தீபாவளிக்கு என் மருமகன் சொன்ன கதையில் நான் மயங்கி விழுந்தேன். நான் மயங்கவில்லை. உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.)

எண்பதுகளின் ஆரம்பம். டெல்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க். குளிர்காலம் வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வட்டாரத்து ஆபீஸ்கள் எல்லாம் புல்வெளிக்கு வந்துவிடும். பெண்கள் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். ஆண்கள் ஆரஞ்சு உரிப்பார்கள், தூங்குவார்கள், அல்லது சீட்டாடுவார்கள். தமிழ்க்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து நாங்கள் ஒரு ஜமா வைத்திருந்தோம். ஆட்டம் ரம்மி. பந்தயம், வறுத்த வேர்க்கடலை.

அரசாங்கப் புல்தரையில் காசு வைத்து ஆடினால் வம்பு. அதனால் ஒரு பாயிண்டுக்கு ஒரு கடலை. சீட்டு மோசமாக வந்தால் ஆட்டம் தொடங்கும்போதே ‘ஸ்கூட்’ சொல்லிக் கவிழ்த்துவிடலாம். இருபது கடலையோடு போகும். துணிந்து ஆடி, ஜோக்கர் இல்லாமல் வரிசையாக மூன்று சீட்டு சேர்ப்பதற்குள், அதாவது ஒரிஜினல் ரம்மி சேர்ப்பதற்குள், வேறு யாராவது எல்லாச் சீட்டையும் சேர்த்து முடித்து ‘டிக்’ அடித்துவிட்டால் ஃபுல். எண்பது கடலை அம்போ. போனால் என்ன? கடலைக்காரர் பத்தடி தூரத்தில்தான் கூடையோடு நிற்பார். இன்னொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்துவிடலாம்.

இந்த ஆட்டத்துக்கு நான்தான் சிங்கம். ஸ்கூட் என்ற வார்த்தை என் வாயில் வந்ததே கிடையாது. பதிமூன்று சீட்டும் பதிமூன்று ஊர்க்காரர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாலும் ஆடுவேன். சில நாள் அப்படியே அடித்துக்கொண்டு வரும். அன்றைக்குப் பேன்ட் பை இரண்டும் புடைக்க ஆபீசுக்குள் நுழைவேன். தோற்ற நாட்களில் எத்தனை பொட்டலம் வாங்கினேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்ததில்லை. ஜெயித்தது மட்டும் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. அதை வீட்டுக்கு வந்து என் மனைவி ஈஸ்வரியிடம் சொல்லவும் செய்தேன்.

எனக்கு நேர் எதிர் சங்கரலிங்கம். திருநெல்வேலிக்காரர், பக்கத்து செக்‌ஷன், ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு இரண்டு பிளாக் தள்ளித்தான் வீடு. சீட்டைக் கையில் எடுப்பார், விசிறி மாதிரி விரிப்பார், ஒரு பெருமூச்சு விடுவார்.

“சீட்டு சரியில்ல வே. எதுக்கு வம்பு? ஸ்கூட்.”

பத்து ஆட்டத்தில் ஏழில் இதுதான். அவருக்கு ‘ஸ்கூட் சங்கரலிங்கம்’ என்று பெயர் வைத்தது நான். பெயர் அலுவலகம் முழுவதும் பரவி, ஒரு பஞ்சாபி அதிகாரியே அவரை “மிஸ்டர் ஸ்கூட்” என்று கூப்பிட்டார். அது அவருடைய குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

இப்போது வீட்டுக்கு வருகிறேன். ஈஸ்வரிக்கு ஊர் கோயமுத்தூர்ப் பக்கம். கல்யாணமாகி டெல்லிக்கு வந்தபோது அவள் அம்மா ஒரு ஆட்டுக்கல்லையும் கூடவே ரயிலேற்றி அனுப்பினார்கள். எங்களுக்கோ மாடி வீடு. வாரம் ஒருமுறை அவள் இட்லிக்கு ஆட்ட உட்கார்ந்தால், கீழ் வீட்டு மல்ஹோத்ரா பாபிஜியின் கூரை முழுக்கக் கடகடவென்று அதிரும். “அரே மதராசி பாபி! சுபஹ் சுபஹ் யே க்யா ஹை?” என்று, அதாவது ‘மதராசி அண்ணி, விடிந்தும் விடியாததுமாக இது என்ன?’ என்று, கீழேயிருந்து குரல் வரும். ஜனவரித் தண்ணீரில் கைவைத்து உளுந்து தள்ளிவிட்டு அவள் எழுந்திருக்கும்போது விரல் மடங்காது. அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு இட்லி சாப்பிட்டிருக்கிறேன்.

“ஏனுங்க, ஊர்ல எல்லார் ஊட்லயும் கிரைண்டர் வந்துருச்சுங்க” என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் அவளுடைய அண்ணன் குடும்பத்தோடு டெல்லி பார்க்க வருவதாக இருந்தது. வரும்போது கிரைண்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்று மச்சான் சொல்லியும் அனுப்பியிருந்தார். அவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்வதற்கு ஒரு பக்குவம் வேண்டும். எனக்கு அப்போது அது இல்லை. மீசை மட்டும் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு ரம்மிப் போட்டி அறிவித்தார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்து டெல்லியில் மோட்டார் வியாபாரம் செய்யும் ஒரு புண்ணியவான் முதல் பரிசாகக் கிரைண்டர் கொடுத்திருந்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடவுள் எனக்காக ஒரு போட்டி நடத்துகிறார் என்றே நம்பினேன்.

விதி என்னவென்றால், நூற்றொன்று. ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றவர் கணக்கில் பாயிண்ட் ஏறிக்கொண்டே போகும். நூற்றொன்றைத் தொட்டவர் எழுந்து வெளியே போக வேண்டும். கடைசிவரை உட்கார்ந்திருப்பவருக்குக் கிரைண்டர்.

புல்வெளியில் சங்கரலிங்கம் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நாச்சிமுத்து, அது வேற ஆட்டம் வே. இங்க தோத்தா கடலை போகும். அங்க தோத்தா நீரே போயிருவீரு. பாத்து ஆடும்.”

“ஸ்கூட் விட்டே கிரைண்டர் வாங்கீரலாம்னு பாக்கறீங்களா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

போட்டிக்கு முந்தின வாரம் என் புத்தி செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே என்னை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல இருக்கிறது. சங்கரலிங்கத்தின் மனைவி ஊரிலிருந்து புதிதாக வந்திருந்தார். அவர்கள் வீட்டில் ஆட்டுக்கல் இல்லை. தேடிக்கொண்டிருப்பதாகச் சங்கரலிங்கம் சொன்னார். “எங்க ஊட்டுதை எடுத்துக்கங்க” என்றேன். “எங்களுக்குத்தான் கிரைண்டர் வரப்போகுதே!”

“போட்டி முடியட்டும் வே. கல்லு எங்க ஓடிரப் போகுது?” என்றார் அவர்.

ஈஸ்வரி அதைவிடத் தெளிவாகச் சொன்னாள். “எருமை வாங்கறதுக்கு முன்னாடி நெய்க்கு வெல பேசாதீங்க. கைக்கு வந்தப்புறம் குடுக்கலாமுங்க.”

“அம்மிணி, உனக்கு என் ஆட்டம் தெரியாது” என்றேன்.

அவளுக்குத் தெரியாததுதான் பிரச்சினை. தெரிந்திருந்தால் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை நானும் சங்கரலிங்கமும் இன்னொரு நண்பருமாகக் கல்லை மாடிப்படியில் இறக்கினோம். மல்ஹோத்ரா பாபிஜி கதவைத் திறந்து வந்து பார்த்தார். நடப்பது புரிந்ததும் உள்ளே போய் ஆளுக்கு ஒரு லட்டு கொண்டுவந்து கொடுத்தார். “மஷீன் ஆ ரஹி ஹை” என்று நான் பெருமையாகச் சொன்னேன். மெஷின் வருகிறது என்ற செய்தி அன்று சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அத்தோடு விட்டேனா? ஆர்.கே.புரம் தபாலாபீசில் டிரங்க்கால் போட்டு, லைன் கிடைக்கும்வரை காத்திருந்து, மச்சானிடம் கத்தினேன்.

“மச்சான், கிரைண்டர் கொண்டுட்டு வர வேண்டாமுங்க! இங்கயே ஏற்பாடு ஆயிருச்சு!”

“வாங்கிட்டீங்களா மாப்பிள்ளை?”

“வந்த மாதிரிதானுங்க!”

போட்டி நாள் வந்தது. சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஹாலில் ஜமக்காளம் விரித்து, வட்டத்துக்கு ஆறு பேராக உட்கார வைத்தார்கள். ஆள் குறையக் குறைய வட்டங்களை ஒன்றாகச் சேர்ப்பதாக ஏற்பாடு. பாதிப் பேர் தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் மஃப்ளர். மேடையில் கிரைண்டர் இருந்தது. சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். பெண்கள் பக்கத்தில் ஈஸ்வரி முதல் வரிசையில், அவளுடைய நல்ல பட்டுப்புடவையின் மேல் என் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை நம்பவில்லை என்று வாயால் சொன்னாளே தவிர, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதுதான் எனக்குப் பின்னால் ரொம்ப நாள் உறுத்தியது.

சீட்டுக் குலுக்கியதில் சங்கரலிங்கமும் என் வட்டத்திலேயே வந்து சேர்ந்தார். நான் பழக்க தோஷத்தில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். (ராசிக்கு.)

முதல் ஆட்டம். எனக்கு இரண்டு ஜோக்கர், ஒரிஜினல் ரம்மி பிரித்தபோதே கையில். நாலாவது சுற்றிலேயே டிக் அடித்தேன். ஜமக்காளம் அதிர அடித்தேன். சங்கரலிங்கம் வழக்கம்போல ஆரம்பத்திலேயே ஸ்கூட். அவர் கணக்கில் இருபது. நான் பெண்கள் பக்கம் திரும்பி ஈஸ்வரியைப் பார்த்து மீசையைத் தடவினேன். அவள் மெல்லச் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

இரண்டாவது ஆட்டம். சீட்டு சுமார். ஒரே ஒரு இஸ்பேட் ஏழு வந்துவிட்டால் ரம்மி சேர்ந்துவிடும். வராவிட்டால் ஒன்றுமே இல்லை. சங்கரலிங்கம், “எதுக்கு வம்பு?” என்று கவிழ்த்தார். நான் இஸ்பேட் ஏழுக்காகக் காத்திருந்தேன். ஆறு வந்தது, எட்டு வந்தது, ஏழு மட்டும் வரவில்லை. பக்கத்திலிருந்த குரங்குக் குல்லாய் ஒன்று சாந்தமாக டிக் அடித்தது. எனக்கு ஃபுல். ஒரே அடியில் எண்பது.

புல்வெளியில் என்றால் இந்த இடத்தில் கடலைக்காரரைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே ஒரு பையில்லாத சட்டை போட்ட கணக்கர் சாக்பீஸால் பலகையில் என் பெயருக்கு எதிரே எண்பது என்று எழுதினார். என் நினைப்பில் அதை அழிக்க ஒரே வழி, அடுத்த ஆட்டத்தில் பிரமாதமாக ஜெயிப்பது. ஜெயித்தாலும் எண்பது அழியாது என்கிற சின்ன விஷயம் என் மண்டையில் ஏறவே இல்லை. கடலை என்றால் திரும்பி வரும். பலகையில் எழுதியது திரும்பி வராது.

மூன்றாவது ஆட்டம். சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். அப்படி ஒரு சீட்டை என் எதிரிக்கும் ஆண்டவன் கொடுக்கக் கூடாது. இஸ்பேட் ராஜா, ஆட்டின் ராணி, கிளாவர் ஒன்பது என்று ஒன்றோடு ஒன்று ஒட்டாத அழுக்கு மூட்டை. வாயைத் திறந்து ஸ்கூட் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நூறோடு உயிரோடு இருந்திருப்பேன். சங்கரலிங்கம் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். இரண்டு முறை கனைத்தார். போட்டியில் பேசக் கூடாது என்பதால் பாவம் அவரால் அவ்வளவுதான் முடிந்தது.

நான் மேடையைப் பார்த்தேன். மாலை போட்ட கிரைண்டர். முதல் வரிசையைப் பார்த்தேன். பட்டுப்புடவை. ஸ்கூட் சங்கரலிங்கத்துக்குப் பெயர் வைத்தவனே ஸ்கூட் விட்டான் என்று நாளைக்கு ஆபீசில் பேசுவார்களே என்று நினைத்தேன். சீட்டை எடுத்தேன்.

மூன்றே சுற்று. அதே குரங்குக் குல்லாய். டிக்.

கணக்கர் பலகையில் நூற்று அறுபது என்று எழுதி, என் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். இதுவரை நடந்ததுகூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் நான் செய்ததுதான் இன்றைக்கும் பேசப்படுகிறது. மூன்று குளிர்காலப் பழக்கம். என் கை தானாகப் பொட்டலத்துக்குள் போய் ஒரு பெரிய கைப்பிடி கடலையை அள்ளி ஜமக்காளத்தின் நடுவில் வைத்தது.

“ம், போடுங்க அடுத்த சீட்டு” என்றேன்.

வட்டத்தில் இருந்தவர்கள் கடலையைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். மைக் பிடித்திருந்த செயலாளர் தஞ்சாவூர்க்காரர், மிகவும் மரியாதையானவர். மைக்கை அணைக்க மறந்துவிட்டு என்னிடம் குனிந்து சொன்னார்: “நாச்சிமுத்து சார், இது போட்டி. கடலையெல்லாம் வாங்கிக்க முடியாது. நீங்க எழுந்துக்கணும்.”

ஹால் முழுக்கக் கேட்டது. ஹால் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அத்தனை வட்டங்களிலும் முதலில் எழுந்தவன் நான்தான். டீகூட இன்னும் வரவில்லை. போய் ஈஸ்வரிக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சிறிது நேரம் கழித்து, முன்னால் பார்த்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். மீதிக் கடலையைக் கொடுத்தேன். உரித்துத் தின்னத் தொடங்கினாள்.

பிறகு அந்த மத்தியானம் முழுக்க நான் பார்த்ததெல்லாம், என்னைப் போன்ற சிங்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வெளியே வந்ததைத்தான். ஒவ்வொருவர் போகும்போதும் சங்கரலிங்கம் தன் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல சீட்டு வந்தால் ஆடினார். வராவிட்டால் வம்பு வேண்டாம் என்றார். கணக்கு எண்பதைத் தொட்டதும், இனி ஸ்கூட்டுக்குக் கொஞ்சம்தான் இடம் என்று தெரிந்து, பார்த்துப் பார்த்து ஆடி, இரண்டு முறை அவரே டிக் அடித்தார். அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் அவரும் குரங்குக் குல்லாயும் மிஞ்சினார்கள். குல்லாய்க்கு அதற்குள் தைரியம் வந்துவிட்டது. என் மாதிரித் தைரியம். மோசமான சீட்டோடு மோதி ஃபுல் வாங்கி எழுந்து போயிற்று.

மேடையில் மாலையைக் கழற்றி சங்கரலிங்கத்தின் கழுத்தில் போட்டார்கள். மைக்கில் ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். அவர் கூச்சத்தோடு சொன்னார்: “நான் எங்க செயிச்சேன்? நீங்க எல்லாரும் போயிட்டீய. நான் இருந்தேன்.”

ரம்மியைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அதை ரசிக்கும் மனநிலை இல்லை. காரணம், கிரைண்டரை அவர் வீட்டுக்குக் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டது. அவர் வேறு யாரைக் கூப்பிடுவார்? சைக்கிள் ரிக்‌ஷாவில் கிரைண்டரை ஏற்றிக் கயிறு கட்டினோம். அவர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். ரிக்‌ஷா எங்கள் பிளாக் வழியாகத்தான் போக வேண்டும். பாபிஜி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

“அரே வாஹ், மஷீன் ஆ கயி! பதாயீ ஹோ பாயி சாப்!”

மெஷின் வந்துவிட்டது, வாழ்த்துகள். ரிக்‌ஷா நிற்காமல் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. பாபிஜியின் முகம் மாறியதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. குனிந்து தள்ளிக்கொண்டே போனேன்.

“வே, கல்ல வேணும்னா திரும்ப எடுத்துக்கிடும்” என்றார் சங்கரலிங்கம், அவர் வீட்டு வாசலில். எனக்கு உயிர் வந்தது. கொல்லைப்புறம் போனோம். அவருடைய மனைவி, கல் வந்த மறுநாளே, பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டு, ஊர் வழக்கப்படி அதைத் தரையில் பதித்துச் சுற்றிலும் சிமெண்ட் பூசியிருந்தார். அழகாகக் கோலம்கூடப் போட்டிருந்தது. நான் குனிந்து கல்லை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. அந்த அம்மாள் சொன்னார்: “அண்ணாச்சி, மதினிய அரிசிய ஊறப்போட்டு இங்க கொண்டாரச் சொல்லுங்க. மெசின்ல ஆட்டிக்கிடலாம். நமக்குள்ள என்ன?”

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊறவைத்த அரிசியும் உளுந்தும் இரண்டு பிளாக் தாண்டிப் போயின. ஞாயிறு காலையில் மாவைத் திருப்பிக் கொண்டுவருவது என் பொறுப்பு. டெல்லிக் குளிரில் மாவு பொங்காது என்பதால் தூக்குப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு வருவேன். பால் பூத் வரிசையில் நின்ற ஒரு சர்தார்ணி அம்மாள் ஒரு நாள் என்னை நிறுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக, “லட்கா யா லட்கி?” என்று கேட்டார். பையனா, பெண்ணா? ஆசீர்வாதம் செய்யக் கம்பளியை விலக்கிவிட்டும் பார்த்தார். அவர் என்ன நினைத்திருப்பார் என்று இன்றுவரை தெரியாது. நான் வேறு பூத்துக்கு மாறிவிட்டேன்.

பிப்ரவரியில் மச்சான் குடும்பத்தோடு ரயிலில் வந்து இறங்கினார். “நீங்க சொன்னீங்கன்னு கிரைண்டரை விட்டுப்போட்டு வந்தேனுங்க மாப்பிள்ளை. புக் பண்ணினதைக்கூட ரத்து பண்ணீட்டேன்” என்றார். மறுநாள் காலை இட்லி மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. ஆறாவது இட்லியைப் பிட்டபடி மச்சான் கேட்டார்: “எங்க மாப்பிள்ளை கிரைண்டரு? எப்படி ஓடுதுன்னு ஒருக்கா பாக்கலாமே?”

ரிப்பேர், மோட்டார் கழற்றிக் கொடுத்திருக்கிறேன், டெல்லிக் கரண்ட் சரியில்லை... மூன்று பொய்கள் என் நாக்கில் வரிசையாக நின்றன. ஆனால் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஈஸ்வரி திரும்பாமலே சொல்லிவிட்டாள்:

“கிரைண்டர் நல்லா ஓடுதுங்கண்ணா. ரெண்டு பிளாக் தள்ளி ஓடுது.”

சொல்லிவிட்டு, போட்டி நடந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக வந்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. முழுக் கதையையும், கடலை உட்பட, அவளே சொன்னாள். மச்சானும் சிரித்தார். நானும் சிரித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அப்படிச் சிரித்ததைக் கேட்டதும், அத்தனை நாளும் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

ஊருக்குப் போனதும் மச்சான் ரயில்வே பார்சலில் கிரைண்டர் அனுப்பினார். மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டேன். சில வருஷம் கழித்து சங்கரலிங்கம் மாற்றலாகிப் போனபோது நானும் அவரும் கடப்பாரையால் சிமெண்டை உடைத்துக் கல்லை எடுத்தோம். அடியில் இன்னும் ஒரு வட்டம் சிமெண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆர்.கே.புரத்திலிருந்து துவாரகா ஃப்ளாட்டுக்கு வந்தபோது அதுவும் கூடவே வந்தது.

போன மாதம் பழைய கிரைண்டர் உயிரை விட்டது. புதிதாகச் சின்ன டேபிள் கிரைண்டருக்குச் சொல்லி, மறுநாள் கொண்டுவருவதாகக் கடைக்காரர் உறுதியாகச் சொல்லியிருந்தார். பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா வந்தார். பழைய கிரைண்டரைத் தூக்கிக்கொண்டவர், பால்கனியில் இருந்த கல்லைக் காட்டி அதையும் எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். இடத்தை அடைக்கிறதே என்று நான், “எடுத்துட்டுப் போங்க பையா, நாளைக்குத்தான் புதுசு வருதே” என்று சொல்லி முடிக்கவில்லை. சமையலறையிலிருந்து ஈஸ்வரியும், ஹாலிலிருந்து என் மகளும், கட்டிலில் படுத்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்த பேத்தியும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். பேத்திக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, ரம்மியும் தெரியாது. ஆனால் இது தெரிந்திருக்கிறது.

“தாத்தா! பெஹ்லே மெஷின் ஆனே தோ!”

முதலில் மெஷின் வரட்டும். நான் கபாடிவாலாவைப் பார்த்தேன். அவர் கல்லைப் பார்த்தார்.

“ஸ்கூட்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. பழைய கிரைண்டரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார்.

சொன்னபடி புதுசு மறுநாள் வரவில்லை. அந்த வாரம் இட்லிக்கு ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினோம். ஆட்டியவன் நான்.